மகளின் தலையில் வட்டமாக முடி போயிருக்கிறது, புழுவெட்டு என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோண்டாவில் அம்மா

வணக்கம். மகளுக்கு 15 வயது, பத்தாம் தரம். போன ஞாயிறு பின்னேரம் பள்ளிக்கூடத்துக்காகத் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு பிரித்து, இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். இடது காதுக்குப் பின்னால் விரல் வழுக்கியது. முடியை விலக்கிப் பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு வட்டம். ஒரு முடி இல்லை. சிவப்பு இல்லை, பொடுகு இல்லை, புண் இல்லை; தோல் சீவிய நுங்கு போல வழுவழுப்பு. அவளுக்கு அரிப்பும் இல்லை, நோவும் இல்லை, தெரியவும் இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் பின்னி முடித்து ரிபன் கட்டிவிட்டேன்.

மாமி பார்த்துவிட்டு, புழு இரவில் வேரைத் தின்கிறது என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார். அண்ணா எங்கோ விசாரித்து ஒரு பொட்டலம் குன்றிமணியோடு வந்து நிற்கிறார். எனக்கு மூன்று கேள்விகள்தாம். உண்மையில் புழுவா? தங்கச்சியும் அதே சீப்பைத்தான் பாவிக்கிறாள், அவளுக்குத் தொற்றுமா? முழுத் தலையும் போய்விடுமா?

வெள்ளைத்தொப்பி

தங்கச்சி, நான் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் அந்தக் குன்றிமணிப் பொட்டலத்தை வீட்டை விட்டு அகற்றுங்கள். அதில் உள்ள அப்ரின் கொடிய நஞ்சு. நகை நிறுக்கும் விதை என்று சின்னதாக நினைக்க வேண்டாம். மென்று விழுங்கினால் ஆளே போகலாம். அரைத்துப் பூசுகிற கை வாய்க்குப் போகும், கண்ணுக்குப் போகும்.

புழு இல்லை. புழு அரித்த இலை போல வட்டமாகத் தெரிவதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம். நீங்கள் எழுதியபடி தோல் வழுவழுப்பாக, செதில் இல்லாமல் இருந்தால் அது அனேகமாக அலோப்பீசியா ஏரியேட்டா, முடி வட்டமாகக் கொட்டும் நோய். அது தொற்றாது. சீப்பைப் பற்றிய பயத்தை விடுங்கள்.

ஆனால் நாலு வரி படித்து நானும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பிள்ளைகளுக்குத் தலையில் பூஞ்சைத் தொற்றும் வட்டமாகத்தான் வரும். அதில் செதில் இருக்கும், அரிக்கும், முடி தோலோடு ஒட்ட முறிந்து கறுப்புப் புள்ளியாக நிற்கும். அது தொற்றும், அதற்கு வாயால் எடுக்கிற மாத்திரை வேண்டும், பூச்சு மட்டும் போதாது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆகவே காட்டாமல் எதையும் பூசாதீர்கள்.

இன்று பகல் வெளிச்சத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். வட்டத்தின் ஓரத்தில் குட்டையான முடிகள், நுனி தடித்து அடி மெலிந்து, ஆச்சரியக்குறி போல நிற்கின்றனவா? விரல் நகங்களில் ஊசிமுனையால் குத்தியது போலச் சின்னக் குழிகள் உண்டா? குடும்பத்தில் தைராயிட், வெண்தோல், இழுப்பு யாருக்காவது இருக்கிறதா என்றும் யோசித்து வையுங்கள். வைத்தியர் கேட்பார்.

கோண்டாவில் அம்மா

ஆச்சரியக்குறி முடி இருக்கிறது அக்கா! நாலைந்து. கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நகத்தில் ஒன்றும் இல்லை. என் அம்மாவுக்குத் தைராயிட், வருடக்கணக்காகக் குளிசை எடுக்கிறார். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உயிரியல் வாத்தியார்

தொடர்பு உண்டு. உயர்தரத்தில் நிர்ப்பீடனம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: உடலின் காவற்படை வெளியாரை அடிக்க வேண்டும், வீட்டாரை விட வேண்டும். சில வேளை ஆள் மாறிவிடுகிறது. தைராயிட் சுரப்பியைத் தாக்கினால் ஒரு நோய், தோலின் நிறக்கலங்களைத் தாக்கினால் வெண்தோல், மயிர்க்காலைத் தாக்கினால் இது. ஒரே குடும்பத்தில் இவை தலைகாட்டுவது சகஜம்.

மயிர்க்காலில் ஒரு விசேஷம். வளரும் பருவத்தில் அதன் அடிப்பகுதி காவற்படையின் கண்ணுக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும். தன் அடையாளச் சீட்டை வெளியே காட்டாது. ஏதோ காரணத்தால் அந்த மறைப்பு விலகுகிறது. உடனே காவற்படையின் சிடி8 வகை ரி-கலங்கள் வந்து சூழ்கின்றன. நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் இதைத் தேனீக்கள் மொய்ப்பதற்கு ஒப்பிடுவார்கள். சூழ்ந்த கலங்கள் இன்ரபெரோன் காமா என்ற செய்திப் பொருளைச் சுரக்க, மயிர்க்கால் மேலும் வெளிச்சத்துக்கு வர, இன்னும் கூட்டம் வருகிறது. முடி பாதியில் வளர்ச்சியை நிறுத்தி மெலிந்து முறிகிறது. உங்கள் படத்தில் உள்ள ஆச்சரியக்குறி அதுதான்.

இனி முக்கியமானது. மொய்ப்பது அடிக்கிழங்கில். முடியைத் திரும்ப உண்டாக்கும் மூலக்கலங்கள் அதற்கு மேலே, புடைப்பான ஓரிடத்தில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே வேர் சாகவில்லை, தழும்பும் இல்லை. வருடக்கணக்காக வெறுமையாக இருந்த தலையிலும் முடி திரும்பக் கண்டிருக்கிறார்கள். லூப்பஸ் போன்ற நோய்களில் தழும்போடு போகும் முடி அப்படி வராது.

தமிழில் இதற்குச் சொல் தேடும்போதெல்லாம் மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் கிறீன்தான் நினைவுக்கு வருவார். 1847இல் இங்கே வந்து இறங்கி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, தடித்த புத்தகங்களை மொழிபெயர்த்துவிட்டுப் போனார். நாங்கள் இன்னும் 'புழு' என்கிறோம்.

திருநெல்வேலிச் சந்தை

வாத்தியார் ஐயா நல்லாய்ப் படிப்பிக்கிறார். ஆனால் எனக்கு இதே வட்டம் தாடியில் வந்தது. சின்ன வெங்காயத்தைப் பாதியாக வெட்டி காலை மாலை தேய்த்தேன். மூன்று மாதத்தில் முடி முளைத்தது. வலிகாமத்து வெங்காயத்துக்கு மிஞ்சின மருந்து இல்லை. ஊசி, குளிசை எல்லாம் காசு பறிக்கிற வேலை.

ஊருக்குப் புதியவன்

எனக்கும் தாடியில் வந்தது. நான் ஒன்றும் தேய்க்கவில்லை, சோம்பல். நாலு மாதத்தில் முளைத்தது. சோம்பலுக்கு மிஞ்சின மருந்து இல்லை.

உயிரியல் வாத்தியார்

இருவரும் உண்மை சொல்கிறீர்கள், அதுதான் சிக்கல். ஒன்றிரண்டு சின்ன வட்டங்களோடு நிற்பவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். அந்த நேரத்தில் தலையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்ச் சேரும்.

வெங்காயத்தை முழுதாகத் தள்ளவும் மாட்டேன். 2002இல் பாக்தாத்தில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. 23 பேருக்கு வெங்காயச் சாறு, 15 பேருக்குக் குழாய்த் தண்ணீர். ஆறு வாரத்தில் வெங்காயக்காரரில் 20 பேருக்கு முளைத்தது, தண்ணீர்க்காரரில் எட்டு வாரத்திலும் இருவருக்குத்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் சொற்பம், வெங்காய மணத்தை யாரிடம் மறைப்பது? வைத்தியருக்கு எது யாருடையது என்று தெரியாமல் மதிப்பிட வேண்டும் என்பதுதான் ஆய்வின் உயிர். அதை வைத்து ஒரு பிள்ளையின் தலையைப் பந்தயம் கட்டக்கூடாது. தோலை எரிய வைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுட்ட தலை

எரிய வைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன் உச்சியில் ஒரு வட்டம் வந்தது. ஒருவர் 'கைகண்ட எண்ணெய்' என்று சின்னப் போத்தலில் தந்தார், பெயர் ஊர் வேண்டாம். பூசி மறுநாள் தலை வீங்கியது. மூன்றாம் நாள் கொப்புளம், நெற்றி வழியே நீர் வடிந்தது, கண் திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதில் சேங்கொட்டை. தலையணை உறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. முதல் வட்டத்தின் ஓரங்களில் முடி வந்துவிட்டது. வெந்த நடுவில் இன்றுவரை இல்லை, இனி வராதாம். நோய் கெடுக்காததை மருந்து கெடுத்தது.

கைதடிப் பட்டதாரி

நான் சித்த மருத்துவம் படித்தவள். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்கும்போது எங்களுக்குத்தான் முதலில் கோபம் வரும். சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தோலில் வைக்கக் கூடாது என்பது எங்கள் பாடத்தில் ஆரம்பப் பாடம். சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிட்ட அதே கொட்டை. அந்தக் குறி பட்ட இடத்தில் தோல் வெந்தவர்கள் ஏராளம். போத்தலில் அடைத்து விற்பவர் எல்லோரும் வைத்தியர் இல்லை. சித்த வழியில் பார்க்க விரும்பினால் கைதடியில் போதனா வைத்தியசாலை இருக்கிறது, பதிந்த வைத்தியர்கள் இருக்கிறார்கள், அங்கே போங்கள். ஆனால் முதலில் நோய் எது என்று உறுதி செய்யுங்கள். பூஞ்சையா இதுவா என்று தெரியாமல் நானும் ஒன்றும் எழுதித் தர மாட்டேன்.

உயிரியல் வாத்தியார்

தங்கச்சி சொன்னதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. மேல்நாட்டு வைத்தியத்திலும் தோலை வேண்டுமென்றே ஒவ்வாமைப்படுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. டைபென்சைப்ரோன் என்ற இரசாயனம். முதலில் சிறு இடத்தில் 2 சதவீதக் கரைசலைப் பூசி உடலுக்கு அறிமுகப்படுத்துவார்கள். இரண்டு வாரம் கழித்து 0.001 சதவீதத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒரு தடவை, மெல்லிய சிவப்பும் அரிப்பும் வரும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். மொய்த்த கூட்டத்தை வேறு சண்டைக்குத் திருப்பிவிடுகிற உத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் சேங்கொட்டையில் கண்டதும் இந்தத் திசையில் எதையோதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் அங்கே அளவு என்று ஒன்று இல்லை. 0.001க்கும் ஒரு போத்தலுக்கும் இடையில்தான் மேலே ஒருவரின் உச்சி வெந்தது.

ரொறன்ரோவிலிருந்து

உரும்பிராய்தான் சொந்த ஊர். எனக்கு வட்டமாக ஆரம்பித்து 2019இல் முழுத் தலையும் போனது, பிறகு புருவம், இமை. இமை போனபோதுதான் அது எதற்கு இருந்தது என்று விளங்கியது. பனித்தூள், தூசி எல்லாம் நேரே கண்ணுக்குள். முதலில் வாயால் ஸ்டீரொயிட் தந்தார்கள். முளைத்தது, முகம் ஊதியது, நிறுத்தியதும் எல்லாம் கொட்டியது.

இப்போது பாரிசிற்றினிப் எடுக்கிறேன். வாத்தியார் சொன்ன இன்ரபெரோன் செய்தி கலத்துக்குள் போகும் வழியில் ஜாக் என்ற நொதியங்கள் காவல் நிற்கின்றன. இந்தக் குளிசை அந்தக் கதவைச் சாத்துகிறது. 2022 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடுமையான நிலையில் உள்ள வயது வந்தவர்களுக்கு அனுமதித்தது. அதற்கு முன் இந்த நோய்க்கென்று உடல் முழுவதும் வேலை செய்யும் மருந்து எதுவும் அங்கே அனுமதி பெறவில்லை. ஆய்வுகள் இரண்டிலும் 4 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல், 36 வாரத்தில் தலையில் 80 சதவீதமாவது முடி கண்டார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பேர். அதாவது பெரும்பான்மைக்கு அந்த அளவுக்கு வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். எனக்கு ஐந்தாம் மாதம் பூனைமுடி, எட்டாம் மாதம் வகிடு.

தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை, ஈரல், கொழுப்பு, குருதிக்கலங்கள் எல்லாம் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் என்றதும் காசநோயை இன்னும் கவனமாகத் துருவினார்கள். உடலில் உறங்கும் கிருமி எழும்பிவிடுமாம். தொற்று, இரத்தக்கட்டி, இருதயம், புற்று என்று பெட்டிக்குள் எச்சரிக்கையும் அச்சடித்திருக்கிறது. நிறுத்தினால் திரும்பக் கொட்டலாம் என்றும் சொல்லித்தான் தந்தார்கள். நோய் ஓயவில்லை, வாயை மூடிவைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

தயவுசெய்து தனிமடலில் 'அண்ணா இரண்டு பெட்டி பார்சலில் அனுப்புங்கள்' என்று கேட்காதீர்கள். இதோடு ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். இது பனடோல் இல்லை. அக்கா, உங்கள் மகளின் ஒற்றை வட்டத்துக்கு இது தேவையும் இல்லை. பன்னிரண்டு வயது முதல் எடுக்கலாம் என்று ரிட்லெசிற்றினிப் என்ற இதே மாதிரிக் குளிசை 2023இல் வந்தது, அதுவும் கடுமையான நிலைக்குத்தான்.

முழுமதி

சுன்னாகத்தில் ஓட்டோ ஓடுகிறேன். 22 வருடமாக உடம்பில் எங்கும் முடி இல்லை. எல்லோரும் தலையைப் பற்றியே எழுதுகிறீர்கள். மூக்குமுடி இல்லாவிட்டால் மூக்கு சொல்லாமல் வடியும், தெரியுமா? புருவம் இல்லாவிட்டால் நல்லூர்த் தேரன்று நெற்றி வேர்வை நேரே கண்ணுக்குள் இறங்கும். நான் எப்போதும் தோளில் ஒரு துவாய் வைத்திருப்பேன், பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைப்பார்கள்.

ஏறுகிறவர்களில் பாதிப்பேர் புற்றுநோயா என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். சிலர் இரக்கப்பட்டு மிச்சக் காசு வாங்குவதில்லை. முதலில் திருப்பிக் கொடுத்தேன், இப்போது பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம். 2022இல் ஒஸ்கார் மேடையில் மனைவியின் முடியிழந்த தலையைப் பகிடி பண்ணியதற்கு வில் ஸ்மித் ஒருவரை அறைந்தாரே, அந்தக் கிழமைதான் தரிப்பிடத்தில் எல்லோரும் என் நோயின் பெயரைச் சரியாகக் கேட்டறிந்தார்கள்.

ஊசி போட்டேன், குளிசை எடுத்தேன், நேர்த்தி வைத்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் நிறுத்தினேன். அது தோல்வி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். உடம்பில் வேறு ஒரு குறையும் இல்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டுக்கு நான் தொப்பி இல்லாமலே போனேன். அந்த வீட்டில்தான் இப்போது சாப்பிடுகிறேன்.

நீர்வேலியான்

இடையில் ஒன்று. போன மாரியில் டெங்கு வந்து, மூன்று மாதம் கழித்து எனக்குக் கை நிறைய முடி வருகிறது. இதுவும் இதுதானா?

வெள்ளைத்தொப்பி

இல்லைத் தம்பி. வட்டம் இல்லாமல் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால், கடுங்காய்ச்சலோ பிரசவமோ நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வந்தால், அது வேறு. முடி கூட்டமாக ஓய்வுக்குப் போய் விழுகிறது, பெரும்பாலும் தானே சரியாகும். நீண்டால் இரும்புச்சத்தும் தைராயிட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோண்டாவில் அம்மா

எல்லோருக்கும் நன்றி. தோல் நிபுணரிடம் காட்டிவிட்டோம். விடிய வெள்ளனப் போய் இலக்கத்துண்டு எடுத்து, முறை வந்தபோது பதினொன்றே முக்கால். வைத்தியர் விளக்குப் பூட்டிய சின்னக் கண்ணாடியைத் தலையில் வைத்து, மகளையே கைப்பேசித் திரையில் பார்க்கச் சொன்னார். மஞ்சட் புள்ளிகள், நடுவில் கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் ஆச்சரியக்குறி. தன் தலையைத் தானே அப்படிப் பார்த்ததும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். "மிஸ், இது எந்த மகனிபிக்கேஷன்?" என்று கேட்டாள்.

ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீரொயிட் ஊசி. வட்டத்துக்குள் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் ஏழு குத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துளி. முன்கூட்டியே ஐஸ் வைத்தார்கள். மூன்றாவது குத்தில் என் கையை நெரித்தாள், பிறகு பேசாமல் இருந்தாள். நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை. தோல் சற்றுக் குழி விழலாம், பெரும்பாலும் நிரம்பிவிடும் என்றார். இடையில் இரவில் பூச குளோபெற்றசோல் என்ற ஸ்டீரொயிட் பூச்சு தந்தார். முழுத் தலையும் போகுமா என்று கேட்டேன். ஒரு வட்டத்தோடு வருபவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் அப்படி ஆகும், ஆனால் யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பின்னங்கழுத்து ஓரம் பட்டையாகக் கொட்டினாலோ நகம் குழி விழுந்தாலோ உடனே வரச் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

தைராயிட் இரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு விஷயம். நான் கடையில் வாங்கி அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பயோட்டின் என்ற விற்றமின் குளிசையை நிறுத்தச் சொன்னார். அது பரிசோதனை முடிவையே பிழையாகக் காட்டுமாம். இந்த நோய்க்கு அது உதவும் என்பதற்கும் ஆதாரம் இல்லையாம். இரண்டு போத்தல் வீண்.

பள்ளிக்கூடத்தில்தான் கதை. இரட்டைப் பின்னல் போட்டால் வட்டம் சரியாக வகிட்டில் வெளியே தெரிகிறது. ஒற்றைப் பின்னலைத் தாழ்வாகப் போட்டால் மறைகிறது. விதிமுறை இரட்டை. வைத்தியரின் கடிதத்தோடு போனேன். கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "எவ்வளவு காலத்துக்கு?" என்றார்கள். அது தெரிந்தால் நான் ஏன் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்!

ஒரு பெரியம்மா

பிள்ளைக்குப் படிப்பு யோசனை கூடிப்போச்சு. யோசித்தால் முடி கொட்டும். போனைப் பறித்து வையுங்கள், சரியாகும்.

உயிரியல் வாத்தியார்

பெரியம்மா, கோபிக்க வேண்டாம். மன அழுத்தம் சிலருக்குத் தூண்டுதலாக இருக்கலாம். அதுதான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல ஆய்வுகள் ஒத்துவரவில்லை. மரபணுவும் நிர்ப்பீடனமும் பெரிய பங்காளிகள். ஆனால் 'நீ யோசித்ததால்தான்' என்று சொன்னால், அந்தப் பிள்ளை யோசிக்காமல் இருப்பது எப்படி என்று இரவெல்லாம் யோசிக்கும்.

கோண்டாவில் அம்மா

மூன்றாவது ஊசி முடிந்தது. வட்டத்தின் நடுவில் முளைத்திருக்கிறது, வெள்ளையாக! பயந்து கேட்டேன். நிறம் தரும் கலங்கள் பிந்தித்தான் வேலைக்கு வரும், பிறகு கறுக்கும் என்றார்கள். மகள் அதற்கு 'ஆச்சி முடி' என்று பெயர் வைத்து, தங்கச்சியை ஒவ்வொரு பின்னேரமும் எண்ண வைக்கிறாள். நேற்று 41.

வலது பக்கம், உச்சிக்குக் கீழே, நேற்று இன்னொன்று கண்டேன். பத்துச் சத அளவு. அவளுக்குச் சொன்னேன், இந்தமுறை மறைக்கவில்லை. "அப்ப அதுக்கும் ஏழு குத்தா?" என்றாள். சின்னதுக்கு நாலு போதும் என்றேன், எனக்குத் தெரியாது.

அடுத்த முறை வியாழக்கிழமை. இலக்கத்துண்டுக்கு ஐந்தரைக்கே அங்கே நிற்க வேண்டும். அந்த நேரம் பஸ்ஸை நம்ப முடியாது.

முழுமதி

நாலே முக்காலுக்குக் கோண்டாவில் சந்தியில் நிற்பேன். அடையாளம் சொல்லத் தேவையில்லை.